மனோன்மணீயத்துக்கு அந்தப் பேர் தகுமா? நீங்களே படித்து முடிவு செய்ய ஒரு வழி

"நீராருங் கடலுடுத்த" சென்னையில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் மனப்பாடம். அது இடம்பெற்ற நாடகத்தை, 1891-ல் சுந்தரம் பிள்ளை வெளியிட்ட மனோன்மணீயத்தை, தமிழின் தலைசிறந்த நாடகம் என்று பேர் சொல்லிப் புகழ்கிறார்கள், ஆனால் முழுசாகப் படித்தவர்கள் ரொம்பக் குறைவு.

முதல் வேலை, பாட்டையும் நாடகத்தையும் பிரித்துவிடுங்கள். 1970-ல் அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது பாயிரத்தில் வரும் வணக்கத்தின் ஒரு பகுதியை மட்டும்தான், கதைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பாட்டுக்கு எழுந்து நிற்கிற மரியாதையை நாடகத்தின் கணக்கில் சேர்த்தால் தீர்ப்பு தப்பாகத்தான் வரும்.

புத்தகம் கன்னிமாராவிலோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ தேடுங்கள், இணையத்திலும் இலவசமாக இருக்கிறது. சந்தி பிரித்த பதிப்பாக, உரையோடு எடுப்பது நல்லது. அப்புறம் மனசுக்குள் படிக்காதீர்கள். பெரும்பாலும் ஆசிரியப்பா, அதாவது அகவல், வாய்விட்டுப் படித்தால்தான் அதன் ஓட்டம் பிடிபடும். பெசன்ட் நகர் கடற்கரையில் சாயங்காலம் ரெண்டு மூன்று பேர் உட்கார்ந்து பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு படியுங்கள், குடிலனை நல்ல குரல் உள்ளவரிடம் கொடுங்கள். ஜீவக மன்னனைப் புகழ்ந்துகொண்டே கவிழ்க்கப் பார்க்கிற அந்த அமைச்சன் வாயைத் திறந்தாலே காட்சிக்கு உயிர் வந்துவிடும்.

நேரமில்லையென்றால் நடராசன் என்ற பாத்திரம் மண்புழுவோடு பேசும் இடத்தையாவது படியுங்கள். யாரும் பாராட்டாமல் மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும் புழுவைப் பார்த்து "உழுவோர்க் கெல்லாம் விழுமிய வேந்துநீ" என்கிறான். மண்புழு மண்ணைப் பண்படுத்துவதைப் பற்றி டார்வின் எழுதிய நூல் வந்தது 1881-ல். பத்தே வருடத்தில் அந்தச் சிந்தனை அகவலில் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கிறது, எனக்கு இந்த ஓரிடம் போதும்.

குறைகளையும் தயங்காமல் குறித்து வையுங்கள். கதையின் மூலம் லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய கதை, அதை ஆசிரியர் மறைக்கவில்லை. ஜீவகனின் மகள் மனோன்மணியும் சேர மன்னன் புருடோத்தமனும் கனவிலேயே காதலித்து விடுகிறார்கள், கடைசியில் ஒரு ரகசியச் சுரங்க வழி எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடுகிறது. பேருக்குரிய நாயகியை விட அவள் தோழி வாணிதான் ரத்தமும் சதையுமாக நிற்கிறாள்.

என் தீர்ப்பு: கவிதையாக அந்தப் பேர் முழுக்கத் தகும், மேடை நாடகமாகப் பாதிதான். சென்னையில் எந்தக் குழுவாவது இதை மேடையேற்ற நினைத்தால் நீளமான பேச்சுகளைத் தாராளமாக வெட்டட்டும், நாடகத்துக்குள் தனிக்கதையாக வரும் சிவகாமி சரிதையைக் கூடச் சுருக்கட்டும், மண்புழுவை மட்டும் தொடவே கூடாது.