லினக்ஸில் டிபிஎம் சிப் தெரியவில்லையா?

டிபிஎம் என்பது கணினியின் ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப். அதன் டிரைவரைத் தேடித் தயாரிப்பாளரின் தளத்துக்குப் போக வேண்டாம். 2005-இல் வந்த 2.6.12 பதிப்பிலிருந்தே அது லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது. டிபிஎம் 2.0-க்கான ஆதரவு 2015-இல், 4.0 பதிப்பில் சேர்ந்தது. சிப் தென்படவில்லை என்றால் முதலில் பயாஸைப் பாருங்கள்: இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் அணைந்து கிடக்கலாம். பக்கத்திலேயே 'கிளியர்' என்றொரு தேர்வும் இருக்கும். அதை மட்டும் தொடாதீர்கள். சிப்பை நம்பிப் பூட்டிய சாவிகள் அத்தனையும் செல்லாமல் போகும்.

பூட் ஆனதும், சாதனக் கோப்புகள் இருக்கும் /டெவ் அடைவைப் பாருங்கள். டிபிஎம்0, டிபிஎம்ஆர்எம்0 இரண்டும் இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது. முதலாவது மட்டும் இருந்தால் சிப் பழைய 1.2 வகை, அல்லது கெர்னல் 4.12-க்கு முந்தையது. இரண்டுமே இல்லையா? ஃபர்ம்வேருக்குள் இயங்கும் டிபிஎம்முக்கு பெரும்பாலும் டிபிஎம்_சிஆர்பி, தனிச் சிப்புக்கு டிபிஎம்_டிஸ் மாட்யூலை மோட்புரோப் கட்டளை கொண்டு ஏற்றிப் பாருங்கள். ராஸ்பெர்ரி பையில் எஸ்பிஐ என்ற இணைப்பு வழியே சேர்த்த சிப்பை கெர்னல் தானாகக் கண்டுபிடிக்காது. இன்ஃபினியான் எஸ்எல்பி9670 என்றால் கான்ஃபிக் கோப்பில் எஸ்பிஐயை இயக்கி, அந்தச் சிப் இருப்பதைக் கெர்னலுக்குச் சொல்லும் ஓவர்லே வரியையும் சேர்க்க வேண்டும்.

கெர்னல் செய்திகளைக் காட்டும் டிஎம்எஸ்ஜியில் 'டிபிஎம் எரர் 256' என்று வந்தால் பதற வேண்டாம். ஃபர்ம்வேர் சிப்பைத் துவக்காமல் விட்டிருக்கிறது, கெர்னலே துவக்கிவிடும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் வேறு. டிபிஎம்0-ஐ ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். அடுத்தது வந்தால் 'பிஸி' என்று திருப்பி அனுப்பிவிடும். அதோடு, சிப்பின் நினைவகம் மிகச் சிறியது, பல சிப்களில் மூன்றே தற்காலிகச் சாவிகள்தான் கொள்ளும். முடித்த சாவியை வெளியேற்றாமல் அடுத்ததை ஏற்றிக்கொண்டே போனால் 0x902 பிழை வரும். டிபிஎம்ஆர்எம்0-க்குப் பின்னால் இருக்கும் ரிசோர்ஸ் மேனேஜர் சாவிகளை வெளியே எடுத்து வைத்து, தேவைப்படும்போது திரும்ப ஏற்றுகிறது. டிபிஎம் 2.0-இல் எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் சூடோ போட்டுச் சமாளிக்காமல், பயனரை டிபிஎம்மை அணுக அனுமதி உள்ள டிஎஸ்எஸ் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

வட்டுப் பூட்டை டிபிஎம்முடன் இணைக்க லக்ஸ்2 என்ற வட்டுக் குறியாக்க வடிவமும் சிஸ்டம்டி 248 அல்லது புதியதும் வேண்டும். பூட் நிலையைப் பதிந்து வைக்கும் சிப்பின் பதிவேடுகளே பிசிஆர்; பதிவு மாறினால் சிப் சாவியைத் தராது. சாவியைப் பதியும் சிஸ்டம்டி-கிரிப்ட்என்ரோல் கட்டளையில் பிசிஆர் 7-ஐ மட்டும் கொடுத்தால் போதும். பிசிஆர் 0-ஐயும் சேர்த்தால் அடுத்த பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு வட்டு தானாகத் திறக்காது. செக்யூர் பூட் அமைப்பை மாற்றினால் 7-உம் மாறும். ஆகவே பழைய கடவுச்சொல் ஸ்லாட்டை அழிக்காதீர்கள்: அதைக் கொண்டு உள்ளே போய், டிபிஎம் ஸ்லாட்டை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி பதியலாம்.