சுவரில் ஏறிய பிறகு தெரியும் தவறுகள்: கல்லூரிக் கண்காட்சிக்கு வீடியோவும் போட்டோவும்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கல்லூரிக் கலைக் கண்காட்சி என்றால் இப்போது ஓவியத்தோடு வீடியோவும் சேர்ந்தே வருகிறது. 2012-இல் தொடங்கிய கொச்சி பினாலே கலைக் கண்காட்சியை ஒருமுறை சுற்றி வந்தவருக்கு இருட்டறையில் ஓயாமல் ஓடும் படத்தின் மேல் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் லேப்டாப்பில் பளிச்சென்று இருந்த படம் செமினார் ஹாலில் சொதப்பும். எடுக்கும்போது கேமராவை மட்டும் யோசித்து, காட்டப்போகும் டிவியைக் கடைசி நாள்வரை யாரும் திரும்பிப் பார்க்காததுதான் இதற்குக் காரணம்.

எனவே டிவியிலிருந்தே தொடங்கலாம். 4 நிமிட வீடியோவைப் பென் டிரைவில் போட்டு ரிப்பீட் வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பல டிவிகள் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு கணம் மெனுவையோ ஃபைல் பெயரையோ காட்டும். இருட்டில் ‘ஃபைனல் நியூ 2’ என்று மின்னி மறைந்தால் படம் கட்டிவைத்த மனநிலை போச்சு. எடிட்டிங்கிலேயே 12 முறை அடுக்கி, 48 நிமிடம் ஓடும் ஒரே ஃபைலாக எடுத்துவிடுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேலான ஃபைலை ஏற்காது; நொடிக்கு 10 மெகாபிட் வைத்தால் 48 நிமிடமும் ஏறத்தாழ 3.6 ஜி.பி.யில் அடங்கும். 1080பி அளவு, ஹெச்.264 கோடெக், எம்.பி.4 ஃபைல் என்றால் பழைய டிவியும் படிக்கும்.

படத்தின் முடிவும் தொடக்கமும் ஒட்டும் இடத்தையும் பாருங்கள். குறும்படப் பழக்கத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் இருட்டு வைத்தால், 4 நிமிடத்துக்கு ஒருமுறை படம் செத்துப் பிழைக்கும். அசையாத ஒரே காட்சியில் தொடங்கி அதிலேயே முடித்தால் ஒட்டு தெரியாது. பார்ப்பவர் பாதியில்தான் உள்ளே வருவார். விளக்கம் எல்லாவற்றையும் முதல் அரை நிமிடத்தில் கொட்டி வைப்பதில் பயனில்லை.

அடுத்து, படத்தின் மேல் ஊரும் கருப்புப் பட்டை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். போனோ தானாக நொடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கும். ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு ஒளி விழும் நேரம்) 1/60 நொடியில் நின்றால் கணக்கு ஒத்துப்போகாது. 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வையுங்கள். போனில் 25 இல்லையென்றால் புரோ மோடில் ஷட்டரை மட்டுமாவது 1/50-இல் பூட்டுங்கள். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பட்டை முழுதாகப் போவதில்லை.

எண்ணெய் விளக்கில் சிக்கல் வேறு. தோல்பாவைக்கூத்து, தோல் பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டி, கம்பன் பாட்டைப் பாடி மலையாளத்தில் விரித்துச் சொல்லும் கலை, இரண்டு மொழிக்கும் சொந்தம். இந்தப் பக்கத்து மாணவர்கள் கேமராவோடு கூத்துமாடத்துக்கு (இந்தக் கூத்து நடக்கும் மேடை) போவதில் வியப்பில்லை. திரைக்குப் பின்னால் 21 தேங்காய் மூடி விளக்குகள் எரியும். திரையின் மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கருப்பு. சுற்றிலும் இருட்டு. ஆட்டோவில் விட்டால் கேமரா இந்தக் கருப்பைப் பார்த்து மிரண்டு வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளைத் துணி வெந்துபோய், பாவையில் உளியால் துளைத்த நுண்ணிய பொட்டுகள் காணாமல் போகும். அந்தப் பொட்டுகள் போனால் இராமனுக்கும் அட்டைக்கும் வித்தியாசமில்லை. வெள்ளைத் துணியின் இழை தெரியும் அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்துப் பூட்டுங்கள். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் 1/50, ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 1600 என்று தொடங்கிச் சரிசெய்யலாம். ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) 3000 கெல்வின் பக்கம் நிலையாக இருக்கட்டும். ஆட்டோ என்றால் காட்சிக்குக் காட்சி நிறம் மாறும். 5500 என்றால் எல்லாம் செக்கச்செவேல்.

ஃபோகஸைத் துணியின் மேல் பூட்டுங்கள். பாவை ஆட்டும் புலவர் பாவையைத் துணியிலிருந்து விலக்கும்போது நிழல் பெருத்து மங்கும். அது கூத்தின் இயல்பு, பிழையல்ல. ஆட்டோஃபோகஸ் அதைத் துரத்தினால் மொத்தத் திரையும் மூச்சு வாங்கும். திரைக்குப் பின்னால் போய் எடுப்பது புலவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும். அங்கே சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் போட்டாலும் துணியில் இரண்டாவது நிழல் விழும், ஆட்டமே கெடும்.

ஒலியில் காற்றுதான் முதல் எதிரி. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிற்கும் ஊர் இது. மைக்கில் வந்த பஞ்சு உறை மட்டும் போதாது, முடி உறை வேண்டும். செண்டை மேளத்துக்கு, ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ லெவலை அணைத்துவிட்டு, உச்ச அடி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கையால் வையுங்கள். ஒலி உடைந்து பதிவானால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. போன்கள் பெரும்பாலும் சீரில்லாத ஃபிரேம் வேகத்தில் எடுக்கும். தனி ரெக்கார்டர் ஒலியோடு சேர்த்தால் சில நிமிடங்களில் உதடு ஒருபக்கம், சொல் ஒருபக்கம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ வைத்து மாற்றிய பிறகே எடிட்டிங்கில் ஏற்றுங்கள்.

பேட்டி மலையாளத்தில், சப்டைட்டில் தமிழில் என்பது இங்கே வழக்கம். ‘கொல்லங்கோடு’ என்று அடித்துப் பாருங்கள். கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய், கால் தனியே நின்றால் எழுத்துரு மீது பழி போடாதீர்கள். எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் பிரிஃபரன்ஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றி, எழுத்தைப் புதிதாக அடியுங்கள். சில டிவிகள் படத்தின் ஓரத்தை வெட்டும்; எனவே எழுத்து விளிம்பை ஒட்டி இருக்கக் கூடாது.

போட்டோவுக்கு வாட்ஸ்அப் வழியாகப் பிரிண்ட் கடைக்கு அனுப்புவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். 12×18 அங்குலத்துக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3600×5400 பிக்சல் வேண்டும். சுருக்கிப் போன படத்தில் அது கிடைக்காது. வாட்ஸ்அப்தான் வழி என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போன் படம் 4:3 என்பதால் 12×18-இல் ஓரம் வெட்டுப்படும், 12×16 கேளுங்கள். டியூப்லைட் ஹாலுக்கு மேட் தாள்தான் சரி, கிளாஸி கண்ணாடியாகிவிடும். மழைக்காலச் சுவரில் டபுள் டேப் நிற்காது. சன்போர்டில் (நுரைப் பலகை) ஒட்டி, ஆணியில் மாட்டுங்கள்.

புரொஜெக்டர் என்றால் முந்தைய நாள் இரவில் அல்ல, காட்டப்போகும் நேரத்திலேயே போட்டுப் பாருங்கள். காலை 11 மணி வெயில் ஜன்னல் வழி வந்தால் கருப்பெல்லாம் சாம்பலாகிவிடும்.

கரண்ட் போய் வந்தால் பல டிவிகள் சேனலுக்கோ முகப்புக்கோ போய் நிற்கும். எந்த பட்டன், எந்த ஃபைல், ஒலி எத்தனை என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதிய தாளை டிவியின் பின்பக்கம் ஒட்டி, ரிமோட்டை அங்கேயே கட்டி வையுங்கள். அன்று ஹாலில் நிற்பவர் முதலாண்டு மாணவராகத்தான் இருப்பார்.