முதல் சில ஆர்டர்ல இருந்து கத்துக்கிறது எப்படி: வேலூர் பக்கம் புதுசா கேமரா தூக்குறவங்களுக்கு

கேமரா வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும், கோட்டை அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து தூண்ல இருக்கிற யாளி, காட்பாடி பக்கம் போற ரயில்னு எடுத்து போட்டிருப்பீங்க, நாலு பேரு சூப்பர்னு சொல்லியிருப்பாங்க. அப்புறம் ஒரு நாள் தெரிஞ்சவங்க யாராவது போன் பண்ணி "தம்பி, நம்ம வீட்ல விசேஷம், நீயே வந்து எடுத்துடு, துட்டு குடுத்துடறோம்"னு சொல்வாங்க. நெஜமான படிப்பு அங்க தான் ஆரம்பிக்குது. யாளி நாளைக்கும் அங்கயே நிக்கும், லைட் சரியில்லன்னா நாளைக்கு வந்து எடுத்துக்கலாம், ஆனா ஒரு வீட்டு விசேஷம் அந்த ஒரு நாள் தான்.

எனக்கு ரொம்ப உதவுன பழக்கம் ஒன்னு இருக்கு, மொதல்ல அத சொல்லிடறேன். அவங்க போட்டோ செலக்‌ஷன் பண்ணும்போது நீங்களும் பக்கத்துல உக்காருங்க. லிங்க் அனுப்பி "பாத்து சொல்லுங்க"னு விட்டுட்டா ஒன்னுமே கத்துக்க முடியாது. லேப்டாப்ப அவங்க வீட்டுக்கே எடுத்துட்டு போங்க, ஒரு டீ குடிங்க, எந்த போட்டோல கை நிக்குது, எத ஒரு செகண்ட் கூட பாக்காம தள்றாங்கன்னு கவனிங்க, நடுவுல வாய தொறந்து எதையும் நியாயப்படுத்தாதீங்க.

எனக்கு இது புரிஞ்சது ஒரு காது குத்துல. அப்போ என்கிட்ட இருந்தது ஒரே ஒரு 50 எம்எம் லென்ஸ் தான், எஃப் 1.8ல (லென்ஸ் துளையோட அளவு, நம்பர் கம்மின்னா துளை பெருசு) தொறந்து வச்சுட்டு கொழந்த கண்ணுல தண்ணி, பத்தர் கை விரல், காதோரம் சந்தனம்னு கிட்ட போய் போய் எடுத்தேன், பின்னாடி எல்லாம் பஞ்சு மாதிரி கலைஞ்சு அவ்ளோ அழகா இருந்துச்சு. செலக்‌ஷன் அன்னிக்கு அந்த வீட்டம்மா ஒவ்வொன்னா தள்ளிட்டே வந்தாங்க, ஒரு எடத்துல நிறுத்தி, "தம்பி, கொழந்த எங்க அண்ணன் மடியில தான உக்காந்துனு இருந்துச்சு, அவரு மூஞ்சி எங்கபா?"னு கேட்டாங்க. நாப்பது போட்டோ இருந்துச்சு, ஒன்னுல கூட அவரு மூஞ்சி தெளிவா இல்ல. தாய்மாமன் மடியில உக்கார வச்சு காது குத்துறது தான் அந்த சடங்கே, நான் அந்த மாமன தான் மங்கலாக்கி வச்சிருந்தேன். அந்தம்மா திட்டல, ஆனா அவங்க முகம் வாடுனது இன்னிக்கும் எனக்கு மனசுல இருக்கு.

அதுல லென்ஸ் கணக்கும் இருக்கு, தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்னு ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவுல 50 எம்எம், எஃப் 1.8ல எடுத்தா ஷார்ப்பா வர்ற ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர் தான், அதாவது அரை ஜாண். சின்ன சென்சார் கேமரான்னா அதுக்கும் கம்மி. மடியில இருக்கிற கொழந்த மூஞ்சிக்கும் பின்னாடி இருக்கிற மாமன் மூஞ்சிக்கும் நடுவுலயே ஒரு ஜாண் வந்துடும். அதே எடத்துல எஃப் 5.6 வச்சா 30 சென்டிமீட்டர் கிடைக்கும், ரெண்டு மூஞ்சியும் தெரியும். வெளிச்சம் பத்தலைன்னா ஐஎஸ்ஓவ (வெளிச்சத்த கேமரா எவ்ளோ தூக்கிக் காட்டணும்ங்கிற அளவு) 1600, 3200னு ஏத்துங்க, கொஞ்சம் புள்ளி புள்ளியா வந்தா எந்த வீட்லயும் கேக்க மாட்டாங்க, மாமன் மூஞ்சி இல்லன்னா கேப்பாங்க.

அதுக்கப்புறம் எந்த ஆர்டரா இருந்தாலும் ரெண்டு நாள் முன்னாடி ஒரு போன் போடுவேன். "யார் யார் கண்டிப்பா வரணும், யாரு வெளியூர்ல இருந்து வராங்க, வயசானவங்க யாரு, எந்த சடங்கு யார் கையால நடக்குது" இவ்ளோ தான் கேப்பேன். வீட்டுக்கு வீடு, சாதிக்கு சாதி முறை மாறும், நமக்கு தெரியும்னு நினைச்சுட்டு போகவே கூடாது. விசேஷத்தன்னிக்கு அந்த வீட்டு ஆளு ஒருத்தர், பெரும்பாலும் ஒரு அத்தையோ சித்தப்பாவோ, கூடவே இருந்து "இவரு தான் பெரியப்பா"னு காட்டிக் குடுத்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

கல்யாணம்னா தாலி கட்றது ஒரு சில செகண்ட். கெட்டிமேளம் கேட்ட பிறகு கேமராவ தூக்குனா லேட்டு, அதுக்குள்ள எல்லாரும் அட்சதை போட கைய தூக்கிடுவாங்க, முன் வரிசைல பத்து செல்போன் வேற. முன்னாடியே ஐயர்கிட்ட போய் "சாமி, நான் எங்க நின்னா உங்களுக்கு இடைஞ்சல் இல்ல"ன்னு மரியாதையா கேளுங்க, மேளக்காரருக்கு அவரு எப்படி சைகை குடுப்பாருன்னும் கேட்டு வச்சுக்கோங்க, அந்த கைய பாத்துட்டே இருந்தா மத்ததெல்லாம் தானா வரும். வீடியோ அண்ணன்கிட்டயும் பேசி யாரு எந்த பக்கம்னு முடிவு பண்ணிக்கோங்க. மண்டபத்து லைட்ல போட்டோ குறுக்க பட்டை பட்டையா வந்துச்சுன்னா ஷட்டர் ஸ்பீட 1/100 செகண்டுக்கோ 1/50 செகண்டுக்கோ கொண்டு வாங்க, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால லைட் செகண்டுக்கு 100 தடவ ஏறி இறங்குது, இந்த ஸ்பீடுல அது பெரும்பாலும் அடங்கிடும். 1/50ல ஆள் அசைஞ்சா கலங்கிடும்ங்கிறதால என் கை தானா 1/100க்கு தான் போகும்.

விசேஷம் மட்டும் தான் ஆர்டர்னு இல்ல. நம்ம பக்கம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முழுக்க தோல் வேலை, சின்னதா ஷூ, பெல்ட், பர்ஸ் பண்றவங்க ஆன்லைன்ல விக்க போட்டோ கேப்பாங்க, புதுசா வர்றவங்களுக்கு இது ரொம்ப நல்ல பள்ளிக்கூடம், ஏன்னா ஷூ அசையாது, எத்தன தடவ வேணா திருத்தலாம். ஆம்பூர்ல ஒரு பாய்க்கு எடுத்து குடுத்தப்போ அவரு பேசவே இல்ல, என் போட்டோவ போன்ல வச்சு அது பக்கத்துல அந்த ஷூவையும் வச்சுட்டு என்ன பாத்தாரு. கையில இருந்தது டான் (இளம் பழுப்பு) கலர், போன்ல இருந்தது கிட்டத்தட்ட செங்கல் கலர். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், இன்னொரு பக்கம் மஞ்ச பல்பு, ரெண்டும் கலந்துடுச்சு. "தம்பி, இத நம்பி வாங்குறவன் திருப்பி அனுப்புவான், அந்த நஷ்டம் எனக்கு"ன்னாரு. அன்னிக்கு தான் கலர்ங்கிறது அவரோட துட்டுன்னு தெரிஞ்சுது. இப்போ எல்லா லைட்டையும் அணைச்சுட்டு ஜன்னல் வெளிச்சம் ஒன்னுல மட்டும் எடுக்கறேன், மொதல் ஷாட்ல ஒரு கிரே கார்ட (சாம்பல் கலர் அட்டை) வச்சு ஒயிட் பேலன்ஸ் (வெள்ளைய வெள்ளையாவே காட்டற கலர் செட்டிங்) அதுல இருந்து எடுக்கறேன், எதிர் பக்கம் ஒரு தெர்மாகோல் ஷீட் நிக்க வச்சா நிழலோட கடுமை கொறைஞ்சிடும். பாலிஷ் பளபளப்பு வெள்ளையா அடிச்சா லென்ஸ் முன்னாடி ஒரு போலரைசர் (பளபளப்ப கொறைக்கிற ஃபில்டர்) மாட்டி மெதுவா திருப்புங்க, ஒரு கோணத்துல அந்த வெள்ளை கொறைஞ்சு தோலோட நெசவு மாதிரி இருக்கிற ரேகையெல்லாம் தெரிய வரும், வெளிச்சம் கொஞ்சம் குறையுங்கிறதால ட்ரைபாட் வேணும்.

பர்மிஷன் விஷயம் சுருக்கமா. கோட்டை தொல்லியல் துறை கையில இருக்கு, ட்ரைபாட், லைட்டெல்லாம் வச்சு எடுக்கணும்னா முன்னாடியே கேட்டு வாங்கணும். ஸ்ரீபுரம் தங்கக் கோயில் உள்ள கேமரா, செல்போன் விட மாட்டாங்க, அங்க விசேஷம்னு கூப்பிட்டா வெளியில எடுக்கறத பத்தி மட்டும் பேசுங்க. சித்திரை வைகாசில நம்ம ஊர் வெயில்ல பதினோரு மணிக்கு மேல கொழந்தைங்கள வெளிய நிக்க வைக்காதீங்க, காலைல ஏழு மணிக்கே முடிச்சுடுங்க.

துட்டு பேசுறதுக்கு கூச்சப்படாதீங்க. எத்தன மணி நேரம், எத்தன போட்டோ, எந்த தேதில குடுப்பேன், அட்வான்ஸ் எவ்ளோன்னு வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பி "ஓகே"னு பதில் வாங்குங்க. இன்னொன்னு நெறைய பேருக்கு தெரியல: 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 17வது பிரிவு படி, ஒருத்தர் காசு குடுத்து எடுக்க சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் எதுவும் இல்லன்னா, அவரு தான் மொதல் உரிமையாளர். அதனால அவங்க வீட்டு போட்டோவ உங்க பேஜ்ல போட ஆசைப்பட்டா மொதல்லயே கேட்டு, அதையும் அந்த மெசேஜ்லயே எழுதிடுங்க. வீட்டுக்கு வந்ததும் சாப்புடறதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல காப்பி போடுங்க, ஆல்பம் கை மாறுற வரைக்கும் மெமரி கார்ட அழிக்காதீங்க.

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நோட்ல ரெண்டு பக்கம் ஒதுக்குங்க. அவங்க தேடுனது எது, என்கிட்ட இல்லாதது எதுன்னு ஒரு பக்கம், நான் தூக்கி போட நினைச்சு அவங்க ஆசையா எடுத்துக்கிட்டது எதுன்னு இன்னொரு பக்கம். ரெண்டாவது பக்கத்துல தான் எனக்கு அதிகம் கெடச்சிருக்கு.

அந்த காது குத்து வீட்டுக்கு அடுத்த வாரமே திரும்ப போனேன், காசு எதுவும் கேக்கல. வாசல்ல வேப்பமர நிழல்ல மாமன ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு, கொழந்தைய மடியில குடுத்து, எஃப் 5.6ல எடுத்தேன், அவரு புது வேட்டி கட்டி மீசைய ஒதுக்கிட்டு ரெடியா இருந்தாரு. ரொம்ப நாள் கழிச்சு அந்த பக்கம் போனப்போ உள்ள கூப்பிட்டு தண்ணி குடுத்தாங்க, ஹால்ல டிவிக்கு மேல அந்த போட்டோ தான் மாட்டியிருந்துச்சு, ஓரத்துல அந்த சேரோட நீலக் கை கூட தெரிஞ்சுது.