பத்து யூரோ டின் விசிலில் நல்லதைப் பொறுக்கி எடுப்பது எப்படி?

அயர்லாந்தில் பிள்ளையைத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். புத்தகப் பட்டியலில் பென்சில், பசைக்குச்சி, கோடு போட்ட நோட்டு என்று வரிசையாக வரும். ஏதோ ஒரு வகுப்பில் அதன் நடுவே ‘டின் விசில், டி’ என்று ஒரு வரி இருக்கும். ஆறு துளை கொண்ட சின்ன ஊதுகுழல் அது, டி என்பது அதன் சுருதி. என் மகளுக்கும் வந்தது. பத்து யூரோவை ஒட்டிய விலையில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கீழ் ஸ்வரம் வரவே இல்லை, மேல் ஸ்வரமோ பிரஷர் குக்கர் போலக் கத்தியது. அடுத்த வீட்டுப் பையனிடம் அதே நிறுவனம், அதே நிறம், அதே விலை. அது தேனாகப் பாடியது. இரண்டையும் மாற்றி மாற்றி ஊதிப் பார்த்தபின்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மலிவு விசிலில் நல்ல பிராண்டைத் தேடிப் பயனில்லை, கையில் இருக்கும் அந்த ஒன்று நன்றாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அதை எப்படிப் பார்ப்பது என்று, இதுவரை ஒரு விசிலைக்கூடத் தொடாதவருக்கும் புரியும்படி சொல்கிறேன்.

படி 1: டி மட்டும் வாங்குங்கள்

டின் விசில் பல சுருதிகளில் வரும். சி, பி ஃப்ளாட், எஃப் என்று கடையில் தொங்கும். உங்களுக்கு வேண்டியது டி. ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பாலானவை டி அல்லது ஜி ஸ்கேலில் இருக்கின்றன, இரண்டையும் டி விசிலில் சுலபமாக வாசிக்கலாம். ‘லோ டி’ என்று நீளமாக ஒன்று இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். விரல் எட்டாது, விலையும் அதிகம்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு: டி என்றால் இரண்டு கட்டை. ஆறு துளைகளையும் மூடினால் ச. கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனால் அப்படியே சங்கராபரணம். அவ்வளவு எளிய கருவி இது.

படி 2: என்னென்ன வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

மலிவு விலையில் இரண்டு குடும்பங்கள். ஒன்று, நேரான பித்தளைக் குழாயின் தலையில் பிளாஸ்டிக் ஊதுவாய் மாட்டியது. இங்கிலாந்தின் ஜெனரேஷன், அயர்லாந்தின் ஃபியடோக், வால்டன்ஸ் எல்லாம் இந்த வகை. நிக்கல் பூசியதும் கிடைக்கும். (ஃபியடோக் என்றால் ஐரிஷ் மொழியில் விசில் என்றே பொருள்.)

இன்னொன்று, தகரத் தகட்டைக் கூம்பாகச் சுருட்டிச் செய்த கிளார்க். 1843-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் கிளார்க் தொடங்கிய தொழில் இது. பிறகு அவர் மான்செஸ்டர் பக்கம் போய்த் தொழிற்சாலை வைத்தார். ‘டின்’ விசில் என்ற பெயருக்கு உண்மையாக இருப்பது இதுதான், மற்றவற்றில் தகரமே கிடையாது. கிளார்க் ஒரிஜினலில் ஊதுவாய்க்குள் மரக்கட்டை ஒன்று செருகியிருக்கும். சத்தத்தில் காற்றின் இரைச்சல் கலந்து வரும், மூச்சும் நிறைய வேண்டும். சிலருக்கு அந்த இரைச்சல்தான் அழகு. எனக்கும் பிடிக்கும், ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தரமாட்டேன். அதே நிறுவனத்தின் ஸ்வீட்டோன் கூம்புக் குழாயும் பிளாஸ்டிக் ஊதுவாயும் கொண்டது. மெதுவாக ஊதினாலே பேசும். ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன், சோதித்துப் பார்க்கவும் வழியில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

படி 3: ஒரே அச்சில் வந்தவை ஏன் வேறுபடுகின்றன?

இது புரிந்தால் அடுத்த படிகள் சுலபம். ஊதுவாயில் ஒரு மெல்லிய சந்து இருக்கிறது, அதைக் காற்றுவழி என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே போகும் காற்று தகடு போல வெளியே வந்து, ஜன்னல் போன்ற வெட்டைத் தாண்டி, எதிரே இருக்கும் கூரான விளிம்பில் மோதுகிறது. மோதிய காற்று விளிம்புக்கு மேலும் கீழுமாக ஆடுவதால்தான் ஒலி பிறக்கிறது. ஆக, குரலின் தரம் பெரும்பாலும் அந்தச் சில மில்லிமீட்டர் இடத்தில்தான் இருக்கிறது. குழாய் சுருதியைத் தருவதோடு சரி.

உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி ஊதுவாயைச் செய்கிறார்கள். ஆறும்போது அது லேசாகச் சுருங்கும், சில சமயம் காற்றுவழியின் கூரை குழிந்துவிடும். அச்சு தேயத் தேய ஓரங்களில் பிசிறு ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டும் பசை உள்ளே வழிந்திருக்கும். முடி அளவு பிசிறு காற்றின் பாதையில் நின்றாலும் விசில் கரகரக்கும். பத்து யூரோ பொருளை ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து அனுப்புவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே அந்த வேலை நம்முடையது.

படி 4: கண்ணால் பாருங்கள்

கடையில் ஊதிப் பார்க்க விடமாட்டார்கள், எச்சில் விவகாரம். சில கடைகளில் கேட்டால் துடைத்துக் கொடுப்பார்கள். எப்படியும் பார்க்க யாரும் தடை சொல்வதில்லை.

விசிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஊதும் முனையிலிருந்து காற்றுவழிக்குள் பாருங்கள். எதிரே கூரிய விளிம்பு ஒரு கோடாகத் தெரிய வேண்டும். அந்தக் கோடு சந்தின் நடுவிலோ சற்றுக் கீழேயோ, சாயாமல் நேராக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பிறகு ஜன்னலைப் பாருங்கள். நான்கு ஓரமும் சுத்தமாக இருக்கிறதா, பிளாஸ்டிக் நூல் ஏதாவது தொங்குகிறதா? கடைசியாக விரல் துளைகளைத் தடவிப் பாருங்கள். பித்தளை கீறினால் பிள்ளை இரண்டு நாளில் விசிலைத் தூக்கிப் போட்டுவிடும்.

படி 5: ஊதிப் பாருங்கள்

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, ஆறு துளைகளையும் செல்லோடேப்பால் ஒட்டிவிடுங்கள். சிரிக்காதீர்கள். புதிதாக வாசிப்பவர் விசிலைக் குறை சொல்லும் பத்தில் எட்டு முறை (என் வீட்டுக் கணக்கு), குற்றவாளி சரியாக மூடாத விரல்தான். டேப் ஒட்டினால் அந்தச் சந்தேகம் போய்விடும்.

இப்போது கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல மெதுவாக ஊதுங்கள். கீழ் டி வர வேண்டும், கரகரப்பில்லாமல் நிற்க வேண்டும். அப்படியே மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஓர் இடத்தில் ஸ்வரம் தாவி மேல் ஸ்தாயிக்குப் போகும். தொட்டதும் தாவினால் அது நடுங்கும் விசில், அதில் கீழ் ஸ்வரத்தை நிறுத்தப் பிள்ளை படாதபாடு படும். முகம் சிவக்க ஊதினால்தான் தாவுகிறது என்றால் மேல் ஸ்தாயியில் அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

டேப்பை எடுத்துவிட்டு ஒவ்வொரு துளையாகத் திறந்து மேலே போங்கள். பிறகு அதே விரல்களோடு சற்று அழுத்தமாக ஊதி இரண்டாம் ஸ்தாயி. அதில் ஏ, பி (டி-யை ச என்று வைத்தால் ப, த) என்ற இரண்டும்தான் மலிவு விசிலின் பரீட்சைத் தாள். அவை கீச்சிடாமல், தனியாக உரக்கக் கத்தாமல் வந்துவிட்டால் அந்த விசிலை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

சுருதி பார்க்கக் கைபேசியில் இலவச ட்யூனர் செயலி போதும். கீழ் டி 587 ஹெர்ட்ஸ், மேல் டி 1175. முதலில் ஒரு நிமிடம் ஊதி விசிலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த குழாயில் சுருதி இறங்கித்தான் இருக்கும், சூடேற ஏறும். செயலியில் முள் 10, 15 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) இப்படி அப்படிப் போவதைப் பெரிதுபடுத்த வேண்டாம், உங்கள் மூச்சே அந்த அளவுக்கு மாற்றும். எல்லா ஸ்வரமும் ஒரே அளவு ஏறியிருந்தாலும் கவலையில்லை, அதைச் சரிசெய்யலாம். ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருப்பதுதான் தலைவலி.

சி நேச்சுரல் (விசிலின் வழக்கமான ஏழாவது ஸ்வரத்துக்கு அரை ஸ்வரம் கீழே இருப்பது) ஒன்றையும் பாருங்கள்: மேலிருந்து முதல் துளை திறந்து, அடுத்த இரண்டும் மூடி, மீதி மூன்றும் திறந்து. ச-வை டி-யில் வைத்துக்கொண்டால் இதுதான் கைசிகி நிஷாதம், சங்கராபரணத்தை ஹரிகாம்போதியாக மாற்றும் ஸ்வரம். ஜி ஸ்கேல் மெட்டுகளுக்கு இது இல்லாமல் முடியாது.

படி 6: வீட்டு வைத்தியம்

தோற்றுப்போன விசிலை உடனே குப்பையில் போடாதீர்கள்.

கரகரப்பு இருந்தால், காகிதத்தை நீளமாக வெட்டிக் காற்றுவழிக்குள் விட்டு இரண்டு முறை இழுங்கள். பிசிறு தெரிந்தால் நகத்தால் சுரண்டுங்கள். கூரிய விளிம்பில் மட்டும் அரத்தையோ கத்தியையோ வைத்துவிடாதீர்கள், அங்கே போனது திரும்பாது.

சுருதி மொத்தமாக ஏறியிருந்தால் பிளாஸ்டிக் தலையைக் கழற்ற வேண்டும். பசை பிடித்திருக்கும். தலையை மட்டும் ஒரு நிமிடம் சுடுநீரில் (கொதிக்கும் நீரில் அல்ல) வைத்து, துணியால் பிடித்துத் திருகினால் வந்துவிடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். கிளார்க் ஒரிஜினலில் இதை முயலவே வேண்டாம். அதில் தலை தனியாக இல்லை, மரக்கட்டையும் நீரில் ஊறிப் பாழாகும்.

கடைசி வைத்தியம்தான் எனக்குப் பிடித்தது. கழற்றிய தலைக்குள் குழாய்ப் பக்கத்திலிருந்து பாருங்கள். பல விசில்களில் காற்றுவழியின் தளத்துக்கு அடியில் ஒரு வெற்றுக் குழி இருக்கும். சுவரில் படம் ஒட்டப் பயன்படுத்தும் ப்ளூடாக்கைக் கொஞ்சம் உருட்டி, பென்சில் முனையால் அந்தக் குழியில் அடைத்து, ஜன்னல் பக்கம் தளத்தின் ஓரத்தோடு சமமாக மட்டம் செய்யுங்கள். ஜன்னலுக்குள் துருத்தக் கூடாது. கீழ் ஸ்வரங்கள் உறுதியாக நிற்கும், மேல் ஸ்வரங்களின் கூச்சல் அடங்கும். பிடிக்கவில்லை என்றால் பிய்த்து எடுத்துவிடலாம். என் மகளின் குக்கர் விசில் இப்படித்தான் மனுஷக் குரலுக்கு வந்தது.

படி 7: அடைப்பை விசிலின் குறை என்று நினைக்காதீர்கள்

பதினைந்து நிமிடம் நன்றாக வாசித்த விசில் திடீரென்று ஊமையாகும். மூச்சின் ஈரம் காற்றுவழியில் திரண்டிருக்கிறது, வேறொன்றுமில்லை. ஜன்னலை விரலால் மூடிக்கொண்டு ஒரு முறை வேகமாக ஊதினால் தெறித்துப் போய்விடும். அடிக்கடி நடந்தால், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை நீரில் கலந்து காற்றுவழிக்குள் விட்டு அப்படியே காயவிடுங்கள். ஈரம் சொட்டாகத் திரளாமல் பரவி ஓடிவிடும். மறுநாள் முதல் ஐந்து நிமிடம் வாயில் எலுமிச்சை சோப்பு வாசனை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.