கல்லில் பெயர் வெட்டும் முன்

பினாங்கில் நினைவுக்கல் வெட்டும் பட்டறை ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்த ஆண்டு இரண்டு இளைஞர்கள் தொழில் பழக வந்திருக்கிறார்கள். அன்று நான் செய்த பிழைகளை இன்று அவர்கள் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. அளவு பிசகுவது, தேதி மாறுவது போன்றவை இரண்டு முறை பார்த்தால் தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். மற்றவற்றையும், கல் கேட்டு வரும் குடும்பங்கள் செய்யும் சில பிழைகளையும் இங்கே சொல்கிறேன்.

அடையாள அட்டையைப் பார்த்துத் தமிழ்ப் பெயர் எழுதுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

நான் தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, பாட்டிக்குக் கல் வேண்டுமென்று ஒரு பேரன் வந்தார். அடையாள அட்டையின் நகலைக் கொடுத்தார். ரோமன் எழுத்தில் இருந்த பெயரை நான் 'வேலம்மாள்' என்று படித்தேன். வரைந்து காட்டினேன், சரி என்றார். மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாதவர். நான் அதைக் கேட்கவே இல்லை. கல் நட்ட அன்று தாத்தாவை அழைத்து வந்தார்கள். தோட்டப் பள்ளியில் தமிழ் படித்த மனிதர். எழுத்துகளை விரலால் தடவிப் படித்துவிட்டு, "வேலம்மாள் யார்?" என்றார். அவர் மனைவியின் பெயர் வெள்ளம்மாள்.

மெருகேற்றிய கருங்கல்லில் வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது. தேய்த்தால் அந்த இடம் குழியும், மெருகும் போகும். புதுக் கல்லுக்கு என் இரண்டு மாதச் சம்பளம் போனது. அந்தப் பணத்தை மறந்துவிட்டேன். அந்தக் கேள்வியை மறக்க முடியவில்லை. நடுகல்லில் வீரனின் பெயரையும் பீட்டையும், அதாவது பெருமையையும், எழுதியதைச் சங்கப் பாடல்களே பேசுகின்றன. பீட்டைப் பிறகு பார்க்கலாம், பெயராவது சரியாக இருக்க வேண்டாமா?

ரோமன் எழுத்தில் 'எல்' ஒன்றே ல, ள, ழ மூன்றுக்கும் நிற்கிறது. குறில் எது, நெடில் எது என்பதும் தெரியாது. போதாக்குறைக்கு, அந்தக் காலத்தில் பலரின் பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி பதிந்திருக்கிறார். ஆகவே திருமணப் பத்திரிகையைக் கேளுங்கள். தமிழ்ப் பள்ளியின் தேர்ச்சி அட்டை, பழைய கடிதம், எது கிடைத்தாலும் நல்லது. பிறகு தாளில் மாதிரி எடுத்து, குடும்பத்தில் தமிழ் தெரிந்த மூத்தவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் தலையசைப்பதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. அட்டையில் 'அனாக் பெரெம்புவான்' (மலாயில் 'மகள்') என்று தந்தை பெயர்தான் இருக்கும். கணவர் பெயரும் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

கணினி காட்டுவதை நம்புவது

சில வடிவமைப்பு மென்பொருள்களில் தமிழை ஒட்டியதும், எழுத்துக்கு இடப்பக்கம் நிற்க வேண்டிய கொம்பு (ெ, ே) வலப்பக்கம் போய் நிற்கும். இயந்திரம் அதை அப்படியே வெட்டும்.

வெளியில் சலவைக்கல் வைப்பது

சலவைக்கல் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. அமிலம் கலந்த மழை அதைக் கரைக்கும். ஜார்ஜ்டவுனில், பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794இல் அடக்கமான பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மாலை நடந்து பாருங்கள். மழை எழுத்தை என்ன செய்யும் என்பது கண்ணுக்கே தெரியும்.

கல்லருகே அரசங்கன்று

வேண்டாம். வேர் கல்லைத் தூக்கிவிடும்.

திதியை விட்டுவிடுவது

ஆங்கிலத் தேதியை மட்டும் வெட்டினால், திதி கொடுக்கும் நாளை ஒவ்வோர் ஆண்டும் யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள். மாதம், பட்சம், திதி மூன்றையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

தமிழ்ப் பள்ளியில் நினைவுப் பரிசு

இறந்தவர் பெயரில் ஆண்டுதோறும் பரிசு என்று, முதல் ஆண்டுக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு அறிவிக்காதீர்கள்.

நினைவாஞ்சலி விளம்பரத்தைத் தொலைப்பது

தகனம் செய்து அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்ட குடும்பத்துக்குக் கல்லே இருக்காது. நாளிதழில் வந்த விளம்பரம்தான் அவர்களிடம் எஞ்சும் நினைவுச்சின்னம். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. தொலைத்த நறுக்கை இனி அங்கே போய்க் கேட்க முடியாது. கத்தரித்து எடுத்து, நாளிதழின் பெயரையும் தேதியையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

போன வாரம் ஓர் அம்மா அப்படிப்பட்ட ஒரு நறுக்கோடு வந்தார். தாள் பழுத்திருந்தது. மகன் கொண்டுவந்த அடையாள அட்டையை நம்பியிருந்தால் தந்தையின் பெயரைக் 'குலந்தைவேலு' என்று வெட்டியிருப்போம் என்று பட்டறைப் பையன் சொன்னான். நறுக்கில் ழகரம் தெளிவாக இருந்தது. அவனையே வெட்டச் சொன்னேன்.