கல் கட்டடம் கல்லாகத் தெரிய வேண்டுமானால்: மாதிரி ரயில் தளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரி ரயில் தளத்துக்கான நிலையக் கட்டடத்தையோ சரக்குக் கொட்டகையையோ ஆயத்த கிட் வாங்காமல், அட்டை, பிளாஸ்டிக் தாள், களிமண் ஆகியவற்றைக் கொண்டு தாமே கட்ட முனைபவர்கள், கல்லின் மேற்பரப்பை நகலெடுப்பதிலேயே பெரும்பாலான உழைப்பைச் செலவிடுகிறார்கள். சொரசொரப்பு, விரிசல், நிறத்திட்டுகள் எல்லாம் நேர்த்தியாக அமைந்த பிறகும், முடிந்த கட்டடம் கல்படம் ஒட்டிய பெட்டியாகவே தெரிவதுண்டு. காரணம், கல் சுவர் என்பது முதலில் எடை. அதற்குப் பிறகுதான் மேற்பரப்பு. ஒவ்வொரு கல்லும் தனக்குக் கீழே உள்ள கற்களின் மேல் உட்கார்ந்து, மேலே உள்ளவற்றின் பாரத்தைத் தாங்குகிறது. சுவருக்குக் கனம் உண்டு, மூலையில் கல் திரும்பிச் செல்கிறது, திறப்புகளின் மேல் ஏதோ ஒன்று பாரத்தை ஏந்தி நிற்கிறது. இங்கே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அடிப்படையை மறப்பதால் நேர்பவை.

அளவைக் கணக்கிடாமல் தொடங்குவது

மாதிரி ரயில்களின் அளவுகளில் எச்.ஓ. (HO) அளவு 1:87, அதாவது உண்மையில் 87-இல் ஒரு பங்கு; ஓ.ஓ. (OO) அளவு 1:76. இரண்டும் 16.5 மி.மீ. அகலமுள்ள ஒரே தண்டவாளத்தில் ஓடுவதால், ஒன்றுக்கான வரைபடத்தை மற்றொன்றுக்குப் பயன்படுத்திவிடுவது எளிது. 2 மீட்டர் உயரமுள்ள கதவு ஓ.ஓ. அளவில் 26 மி.மீ., எச்.ஓ. அளவில் 23 மி.மீ. கதவில் 3 மி.மீ. வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் கட்டடம் முழுவதும் அதே விகிதத்தில் பெருத்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் பெட்டியும் நடைமேடையில் நிற்கும் மனிதரும் சிறுத்துப்போவார்கள். இவற்றைவிடச் சிறிய ‘என்’ (N) அளவில் குழப்பம் வேறு வகையானது: பொதுவாக 1:160 என்றாலும், பிரிட்டனில் 1:148, ஜப்பானில் பெரும்பாலும் 1:150 என்று வழங்குகிறது. எந்த விகிதத்தில் கட்டுகிறோம் என்பதை வரைபடத்தின் மேலேயே எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

சுவரின் கனத்தில்தான் அதிகமானோர் தவறுகிறார்கள். பழைய கல் சுவர்கள் 450 முதல் 600 மி.மீ. வரை கனமாக இருப்பது சாதாரணம். 500 மி.மீ. சுவர் எச்.ஓ. அளவில் ஏறத்தாழ 5.7 மி.மீ. ஆகிறது. ஆனால் 1 மி.மீ. பிளாஸ்டிக் தாளில் ஜன்னலை வெட்டி, பின்பக்கம் கண்ணாடித் தாளை ஒட்டிவிட்டால், கண்ணாடி சுவரின் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கல் சுவரில் கண் எதிர்பார்க்கும் ஆழமான நிழல் அங்கே விழாது. சுவர் முழுவதையும் கனமாகச் செய்ய வேண்டியதில்லை. திறப்புகளின் ஓரங்களில் மட்டும் உள்பக்கமாகப் பட்டைகளை ஒட்டி, ஜன்னல் சட்டத்தைப் பின்தள்ளி வைத்தாலே போதும். 5 மி.மீ. ஃபோம் போர்டு (இரு தாள்களுக்கிடையே நுரை வைத்த பலகை) எச்.ஓ. அளவில் 435 மி.மீ. சுவருக்குச் சமம் என்பதால் அங்கே அது மிகப் பொருத்தமானது. அதே பலகை 1:160 அளவில் 800 மி.மீ. ஆகிவிடும், சிறிய நிலையக் கட்டடத்துக்கு அது கோட்டைச் சுவர்.

கல்லை அடுக்கும் முறையை மறப்பது

இதுவே முக்கியமான பகுதி. இங்கே சரியாகச் செய்தவரின் கட்டடத்தில் வண்ணம் சுமாராக இருந்தாலும் கண் மன்னித்துவிடும்.

கல்கட்டில் ஒரு வரியின் செங்குத்து மூட்டு, அதற்கு மேல் வரியின் மூட்டோடு நேர்க்கோட்டில் வரக் கூடாது. மூட்டின் மேல் மூட்டு விழுந்தால் சுவர் அந்தக் கோட்டில் பிளந்துவிடும் என்பது கொத்தனார்களின் முதல் பாடம். மாதிரியில் சுவர் விழப்போவதில்லை என்றாலும், இரண்டு மூன்று வரிகளுக்கு மூட்டுகள் நேராக ஓடினால், என்னவோ தவறு என்று பார்ப்பவர் உடனே உணர்கிறார். எது தவறு என்று அவரால் சொல்ல முடியாமல் போகலாம். கிடைக்கோடுகளை முதலில் அளவுகோல் வைத்து மெல்லிய பென்சிலால் வரைந்துகொள்ள வேண்டும். செங்குத்துக் கோடுகளைக் கீறும்போது ஒவ்வொரு முறையும் கீழ் வரியைப் பார்த்தே கீற வேண்டும். ஒரு வரியை முழுதாகக் கீறி முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும் பழக்கம் இதற்கு உதவும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கீறுபவர்களுக்குத்தான் மூட்டுகள் மோதுகின்றன.

ஒழுங்கற்ற கல்கட்டைச் செய்பவர்கள் இன்னொரு வகையில் தவறுகிறார்கள். ‘ஒழுங்கற்றது’ என்பதை எந்த வடிவமும் எந்தத் திசையிலும் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, முக்கோணமும் ஐங்கோணமுமாகக் கற்களைப் பொருத்தி, தோட்டத்து நடைபாதையை நிமிர்த்தி வைத்ததுபோல் சுவரை ஆக்கிவிடுகிறார்கள். சீர்செய்யப்படாத கல்லையும் கொத்தனார் படுக்கையாகத்தான் வைப்பார். எனவே பெரும்பாலான கற்கள் உயரத்தைவிட அகலம் கூடியவையாக இருக்க வேண்டும். பெரிய கற்கள் அடியிலும் மூலைகளிலும், சிறியவை மேலேயும் இடுக்குகளிலும் வர வேண்டும். செங்குத்தாக நிற்கும் நீள்கல் ஒன்றிரண்டு இருந்தால் குற்றமில்லை. பத்துப் பதினைந்து இருந்தால் சுவரின் பாரம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

மூலை தனிக் கவனத்துக்குரியது. இரண்டு சுவர்களையும் தனித்தனியாகக் கீறி, ஓரத்தை ஓரத்தோடு முட்டி ஒட்டினால், ஒரு சுவரின் வெட்டுமுகம் மற்றொரு சுவரின் பக்கத்தில் செங்குத்தான பட்டையாகத் தெரியும். இரு பக்கத்து வரிகளும் ஒரே மட்டத்தில் சந்திக்காது. இரு ஓரங்களையும் 45 பாகையில் சரித்து வெட்டிச் சேர்ப்பது முதல் படி. அதைவிட நல்லது, சுவர்களை வெறுமையாக ஒட்டி நிறுத்தி, மூலையை நிரப்பி உப்புத்தாளால் தேய்த்த பிறகு, கோடுகளை மூலையைச் சுற்றித் திருப்பிக் கீறுவது. உண்மையான மூலைக்கல்லின் நீண்ட முகம் ஒரு சுவரில் தெரிந்தால், குட்டை முகம் அடுத்த சுவரில் தெரியும். மேல் வரியில் இது மாறி வரும். இதை அப்படியே கையாண்டால், ஊசியை ஒரு முகத்தில் வைத்து முனையைத் தாண்டி அடுத்த முகத்துக்கு இழுக்கும் அந்த ஒரே அசைவில் தட்டையான தாள் கனமான கல்லாக மாறுவதைக் காணலாம். அச்சிட்ட கல் தாளை ஒட்டுபவர்களுக்கும் இது பொருந்தும்: மூலைக்கற்களை மட்டுமாவது தனித்தனி அட்டைத் துண்டுகளாக வெட்டி, மடித்து ஒட்டிவிட வேண்டும்.

திறப்புகளின் மேல் பாரத்தை ஏந்த ஏதாவது இருக்க வேண்டும். கல் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். வளைந்து இழுபடுவதைத் தாங்காது. அதனால்தான் குறுகிய ஜன்னலுக்கு ஒற்றைக் கல் லிண்டல் (திறப்பின் மேல் கிடையாக வைக்கும் கல்) போதுமானதாக இருக்க, சரக்குக் கொட்டகையின் அகன்ற வாசலுக்கு வளைவு தேவைப்படுகிறது. வாசலின் மேல் சாதாரண வரிகள் அப்படியே தொடர்ந்து ஓடும் மாதிரிகளைப் பார்க்கும்போது, அந்தக் கற்கள் காற்றில் தொங்குகின்றன. லிண்டல் இரு பக்கமும் சுவரின் மேல் ஏறி உட்கார வேண்டும்; திறப்பின் அகலத்துக்கே வெட்டி நிறுத்திவிடக் கூடாது. வளைவில் கற்களின் மூட்டுகள் அனைத்தும் வளைவின் மையத்தை நோக்க வேண்டும். காம்பஸின் ஊசித் துளையில் அளவுகோலின் ஓரத்தை வைத்துக் கீறினால் இது தானாக அமையும். கண்மதிப்பில் கீறினால் பெரும்பாலும் அமையாது.

தரை சரிவாக இருக்கும் இடத்தில் கல்வரிகளையும் சரிவுக்கு இணையாக வரைவது இன்னொரு தவறு. வரிகள் கிடைமட்டமாகவே ஓடும். தரைதான் அவற்றை மறைத்துக்கொண்டு ஏறும்.

பொருளின் இயல்புக்கு எதிராக வேலை செய்வது

காற்றில் உலரும் களிமண்ணை ஃபோம் போர்டின் மேல் தேய்த்துக் கல் கீறும் முறை எனக்கு மிகவும் பிடித்தது; ஏனென்றால் அதில் ஒரு கல்லைப் போல் இன்னொரு கல் வராது. ஆனால் களிமண் உலரும்போது சுருங்கும். தடிமனாகப் பூசினால் வெடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகையை வளைத்துவிடும். பலகையில் வெள்ளைப் பசையைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே ஒன்றிரண்டு மி.மீ. கனத்துக்குக் களிமண்ணை அழுத்தித் தேய்த்து, உள்பக்கம் குறுக்குப் பட்டைகள் வைத்து, அவசரப்படாமல் உலரவிட வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்து வேகமாக உலர்த்தினால் விரிசல் நிச்சயம். ஈரமாக இருக்கும்போதே கீறினால் கோட்டின் இரு கரையிலும் களிமண் மேடாகத் தள்ளிக்கொண்டு வரும். முழுதும் உலர்ந்த பிறகு கூரிய ஊசியால் கீறி, பழைய பல்துலக்கியால் தூளைத் துடைத்தால் கோடு சுத்தமாக நிற்கும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். பலன் அதற்குத் தகுந்தது.

பிளாஸ்டிக் தாளில் ஆபத்து பிறகுதான் தெரியவரும். இரண்டு தாள்களை முழுப் பரப்பிலும் கரைப்பான் பசை பூசி ஒட்டினால், உள்ளே சிக்கிய கரைப்பான் வெளியேற வழியின்றி, நாளடைவில் தாளை மென்மையாக்கிச் சுவரை வளைத்துவிடும். உள்தாளில் ஆங்காங்கே துளைகள் இட்டு, பசையைச் சிக்கனமாகப் பூச வேண்டும். ஒரே முகத்தில் ஆழமாகப் பல கோடுகள் கீறினாலும் தாள் சுருளும் என்பதால், உள்ளே வலுவான தாங்கு பட்டைகள் வேண்டும்.

எக்ஸ்.பி.எஸ். (XPS) எனப்படும் அடர்ந்த பாலிஸ்டைரீன் நுரைப் பலகையில் பென்சில் முனையால் அழுத்தியே மூட்டுகளை உருவாக்கலாம். கசக்கிய அலுமினியத் தாளை உருட்டி அழுத்தினால் கல்லின் சொரசொரப்பும் வந்துவிடும். ஆனால் ஸ்ப்ரே வண்ணங்களில் உள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். தூரிகையால் பூசும் அக்ரிலிக் வண்ணமே அதற்குப் பாதுகாப்பு. கண்ணாடித் தாளை ஒட்ட சூப்பர் குளூ பயன்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும்; அதன் ஆவி படிந்து ஜன்னல் வெண்மூட்டமாகிவிடும்.

புடைப்புக் கல்பதிவுள்ள தாள்களையும் உருளைகளையும் பயன்படுத்துபவர்கள், வடிவம் திரும்ப வருவதைக் கவனிக்க வேண்டும். 20 மி.மீ. விட்டமுள்ள உருளை ஏறத்தாழ 63 மி.மீ.க்கு ஒருமுறை அதே கல்லை அதே இடத்தில் பதிக்கும். நீண்ட சுவரில் இது உறுத்தும். சில கற்களை நிரப்பி மறுபடி கீறுவது, இடையில் மழைநீர்க் குழாய் ஒன்றை இறக்குவது போன்ற சிறு தலையீடுகள் போதும்.

சாந்துக் கோட்டை அழுத்திக் காட்டுவது

10 மி.மீ. சாந்து மூட்டு எச்.ஓ. அளவில் 0.12 மி.மீ. தான். தளத்தை 60 செ.மீ. தூரத்தில் நின்று பார்ப்பவர், உண்மைக் கட்டடத்தை 52 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பவருக்குச் சமம். அத்தனை தூரத்தில் சாந்து தனிக் கோடாகத் தெரிவது அரிது. கற்களுக்கிடையே லேசான நிறமாற்றமாகவே தெரியும். ஆகவே மூட்டுகளை வெள்ளையால் நிரப்பினால் சுவர் கட்டமிட்ட நோட்டுத்தாள் ஆகிவிடுகிறது. அகலமாகக் கீறிவிட்ட கோட்டைக்கூட, கல்லின் நிறத்தோடு சற்று வெளுத்த சாயலைக் கலந்து நிரப்பினால் அடக்கிவிடலாம்.

கல்லென்றால் சாம்பல் நிறம் என்று குப்பியிலிருந்து நேராக எடுத்துப் பூசுவதும் பரவலான பழக்கம். எந்தக் கல்லைக் காட்டுகிறோமோ அதன் வெளிச்சமான சாயலை அடிப்பூச்சாகப் பூசி, மூன்று நான்கு நெருங்கிய சாயல்களைக் கலந்து, தனித்தனிக் கற்களை அங்கங்கே தொட்டு வர வேண்டும். சாயல்களுக்கிடையே வேறுபாடு மிகுந்தால் சுவர் சதுரங்கப் பலகையாகும். பிறகு நீர்க்கக் கரைத்த கருமை கலந்த வண்ணம் மூட்டுகளில் இறங்கட்டும். அது உலர்ந்த பின், தூரிகையில் வண்ணம் அநேகமாக இல்லை என்ற நிலையில் மேடுகளை மட்டும் தடவினால் போதும். இந்தக் கடைசித் தடவலை அளவுமீறிச் செய்து, எல்லாக் கற்களின் விளிம்பையும் வெண்மையாக்கிவிடுவதுதான் பலருடைய நல்ல வேலையைக் கெடுக்கிறது.

அழுக்குக்கும் காரணம் இருக்க வேண்டும். நீராவி எஞ்சின் ஓடும் தளத்தில் பாலத்து வளைவின் உச்சியும் சுரங்க வாயின் மேற்பகுதியும் கருத்திருக்கும். மழைநீர் ஜன்னல் அடிக்கல்லின் இரு முனைகளிலிருந்தும் வழிந்து கறையிடும். ஈரமும் பச்சையும் சுவரின் அடியில் தங்கும். சுவர் முழுவதும் ஒரே சீராகக் கரியைப் பூசினால் அது வேறொரு கல்லாகத் தெரியுமே தவிர, பழைய கல்லாகத் தெரியாது.

தளத்தில் பொருத்தும்போது

முடிந்த கட்டடத்தை முடிந்த தரையின் மேல் வைத்தால், சுவருக்கும் மண்ணுக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரியும். இத்தனை கனமான சுவர் அந்த நொடியே எடையிழந்து மிதக்கும். எனவே சுவர்களைச் சில மி.மீ. கீழே நீட்டிக் கட்டி, தளத்தில் பதித்து, தரையை அதன் பிறகு சுவர்வரை கொண்டுவர வேண்டும். உள்ளே விளக்கு வைப்பதாக இருந்தால், சுவரின் உள்முகத்துக்கும் மூலைகளுக்கும் முன்கூட்டியே கறுப்பு வண்ணம் பூசாவிட்டால் ஒளி மூட்டுகளின் வழியே கசியும். கூரையைக் கழற்றும்படி வைத்தால் பிற்பாடு விளக்கு மாற்றவும் வசதி.

ஒட்டுவதற்கு முன், தளத்தில் ஓடும் மிக நீளமான பெட்டியைக் கட்டடத்தின் அருகே மெதுவாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் ஒதுங்கும் என்பதால், நேர்ப்பாதையில் தாராளமாக இருந்த இடைவெளி அங்கே போதாமல் போகலாம். ஜன்னல் அடிக்கல்லும் கூரை நீட்டமும் சுவரைவிட முன்னே நிற்பவை என்பதால், அளவை அவற்றிலிருந்தே எடுக்க வேண்டும்.