கூட வேலை பார்த்த நண்பர் இறந்துபோய்விட்டால், அவரை நினைவில் வைத்துக்கொள்ளச் சில வழிகள்

முதலில் குரலைக் காப்பாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்", "அந்த ஃபைலை அனுப்பிட்டியா" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள், அன்றைக்கு நீங்கள் பாதி கேட்டுவிட்டு நிறுத்தியவை, போன் மாற்றும்போதும் இடம் போதவில்லை என்று அழிக்கும்போதும் முதலில் காணாமல் போவது இவைதான். சாட்டை மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்யலாம், ஆனால் பல வருட சாட் என்றால் கடைசிப் பகுதி மட்டும்தான் வரும், அதனால் முக்கியமான பதிவுகளைத் தனித்தனியாக எடுத்து இன்னொரு இடத்திலும் சேமித்துவிடுங்கள்.

அடுத்து எழுதுவது. இரங்கல் கூட்டத்துக்காக அல்ல, உங்களுக்காக. முதல் இரண்டு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள், வரிசையெல்லாம் வேண்டாம். "எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்" என்று மட்டும் எழுதாதீர்கள், அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். என் நண்பன் எங்கள் பிரிண்டரில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தான்: "அடிக்காதீர்கள், தட்டிக்கொடுங்கள்." பசை போய் இரண்டு முறை கீழே விழுந்தது, இரண்டு முறையும் யாரோ டேப் போட்டுத் திரும்ப ஒட்டியிருந்தார்கள், யார் என்று நான் கேட்கவில்லை. இந்த மாதிரி விஷயங்களை எழுதுங்கள். அவருடைய குறைகளையும்தான். அவன் ஒரு மீட்டிங்குக்கும் நேரத்துக்கு வந்ததில்லை, அதை விட்டுவிட்டு எழுதினால் அது அவன் இல்லை.

மற்றவர்களிடமும் நினைவுகளைக் கேளுங்கள், ஆனால் குரூப்பில் கேட்காதீர்கள், நாற்பது கைகூப்பும் எமோஜிதான் வரும். தனித்தனியாக, "அவரோடு வேலை செய்த ஏதாவது ஒரு நாளைப் பற்றிச் சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள். வந்ததையெல்லாம் சேர்த்து வீட்டாரிடம் கொடுங்கள். தினமும் எட்டு மணி நேரம் ஆபீஸில் இருந்த அந்த மனிதரை அவர்கள் பார்த்ததே இல்லை.

மேஜையைக் காலி செய்வதற்கு முன் அப்படியே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பொருட்களைப் பெட்டியில் போட்டு கூரியரில் அனுப்பாமல், நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பாஸ்வேர்டு தெரியும் என்பதற்காக அவருடைய மெயிலைத் திறக்காதீர்கள், வேலை சம்பந்தமாக ஏதாவது தேவையென்றால் நிர்வாகம் வழியாகவே கேளுங்கள். அவர் செய்த வேலையில் அவர் பெயர் இருக்கட்டும். ஆய்வுக் கட்டுரைகளில் இறந்துபோன ஆசிரியரின் பெயரை எடுக்க மாட்டார்கள், பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி போடுவார்கள், அவ்வளவுதான்.

ஃபேஸ்புக் கணக்கை என்ன செய்வது என்பது குடும்பத்தின் முடிவு. நினைவுக் கணக்காக மாற்றினால் பதிவுகள் அப்படியே இருக்கும், யாரும் உள்ளே நுழைய முடியாது, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லச் சொல்லி நினைவூட்டலும் வராது.

போன் நம்பரை அழிக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மெசேஜ் அனுப்பாதீர்கள், கொஞ்ச காலம் கழித்து போன் கம்பெனி அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். நான் அனுப்பினேன். சில மாதம் கழித்து ஒருநாள் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் யாருடைய குழந்தையோ பல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.